செத்த மாட்டை யார் எடுப்பது?

மசினகுடியிலிருந்து வாழைத்தோட்டம் போகிற வழியில் சாலையை விட்டு இறங்கி அரை மணி நேரம் நடந்தால் ஒரு சரிவு வரும். மாசி மாதக் கடைசியில் அங்கே ஒரு செவலை மாடு செத்துக் கிடந்தது. மாட்டுக்காரர் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ஆனால் அவர் மாட்டைப் பார்க்கவில்லை, நெற்றியில் கையை வைத்து வானத்தைப் பார்த்தார்.

“முன்னாடியெல்லாம் மாடு விழுந்தா மத்தியானத்துக்குள்ள வந்து எறங்கிரும் சார். சாயங்காலம் போய்ப் பார்த்தா எலும்புதான் கெடக்கும். இப்ப ரெண்டு நாளாச்சு, நாய்தான் வந்திருக்கு.”

மூன்று நாய்கள் உண்ணிச்செடிப் புதரோரம் வயிறு புடைக்கப் படுத்திருந்தன. எங்களைக் கண்டு எழுந்திருக்கக்கூட இல்லை.

மனிதர், விலங்கு, சூழல் மூன்றின் நலமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது என்பதை ‘ஒன் ஹெல்த்’ என்கிறார்கள். தமிழில் ‘ஒரே சுகாதாரம்’ என்று அழைப்பிதழ்களில் போடுகிறார்கள். கூட்டம் நடக்கிற மண்டபத்தில் மூன்று வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் படம் கட்டாயம் தொங்கும். அந்தப் படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். விஷயம் எனக்கு விளங்கியது அந்தச் சரிவில்தான். நீலகிரியில் இந்த மூன்றும் எங்கே சந்திக்கின்றன என்று கேட்டால், செத்த விலங்கின் உடலில் என்றுதான் சொல்வேன்.

மாட்டுக்காரர் ‘எறங்கிரும்’ என்று சொன்னது பாறுகளை. ஊர்ப்பேச்சில் பிணந்தின்னிக் கழுகு. பரணி பாடிய காலத்தில் போர்க்களத்துக்கு மேலே வட்டமிட்ட பறவை. பந்தியில் பேய்களுக்குப் போட்டி. அத்தனை பழைய பெயர் இருந்தும் இன்று பாறு என்றால் பலருக்குத் தெரியாது, கண்ணில் பட்டால்தானே பெயர் நிற்கும்? தமிழ்நாட்டில் பாறுகள் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கிற முக்கிய இடம் இந்த மாயாற்றுப் பள்ளத்தாக்கும் சேகூர் பீடபூமியும். வெண்முதுகுப் பாறு ஆற்றோர நீர்மருது மரங்களில் கூடு வைக்கும். கருங்கழுத்துப் பாறு செங்குத்தான பாறைகளைத் தேடிப் போகும். செம்முகப் பாறு கூட்டம் சேராது. தனியாகவோ ஜோடியாகவோ வரும். மஞ்சள்முகப் பாறு உருவத்தில் சிறியது, இங்கே எண்ணிக்கையிலும் மிகக் குறைவு.

கூட்டமாக இறங்கினால் ஒரு மாட்டை ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும். அவற்றின் வயிற்று அமிலம் அப்படிப்பட்டது. அழுகிய இறைச்சியில் இருக்கிற கிருமிகளில் பெரும்பாலானவை அதைத் தாண்டிப் பிழைப்பதில்லை. நகராட்சிக்குச் செலவு வைக்காத துப்புரவுப் பணியாளர் என்று வைத்துக்கொள்ளலாம்.

1990களில் இந்தியா முழுக்க இந்தப் பறவைகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. 1992இல் ஆயிரம் வெண்முதுகுப் பாறுகள் இருந்த இடத்தில் 2007இல் ஒன்றுதான் மிஞ்சியது. தொற்றுநோயாக இருக்கும் என்றுதான் முதலில் தேடினார்கள். 2004இல் பாகிஸ்தானில் லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு உண்மையைக் கண்டுபிடித்தது. டைக்ளோஃபினாக். நாம் மூட்டுவலிக்குப் போட்டுக்கொள்கிற அதே மருந்து. மாட்டுக்கு மடிவீக்கம், கால் ஊனம், காய்ச்சல் என்றால் ஊசியாகப் போடுவார்கள். ஊசி போட்ட ஓரிரு நாளில் மாடு செத்து, அதைப் பாறு தின்றால், பறவையின் சிறுநீரகம் செயலிழக்கும். யூரிக் அமிலம் ரத்தத்தில் தேங்கி, ஈரலின் மேலும் இதயத்தின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாகப் படியும். கழுத்தைத் தொங்கப்போட்டபடி சில நாள் உட்கார்ந்திருக்கும். பிறகு மரத்திலிருந்து விழும்.

எல்லா மாட்டிலும் இந்த மருந்து இருக்க வேண்டியதில்லை. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் நஞ்சு இருந்தாலே இந்த அளவு அழிவு வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். காரணம் எளிது. பந்தி பொதுவானது, ஒரு மாட்டைச் சுற்றி ஐம்பது பறவை உட்காரும். ஜோடிக்கு வருடத்துக்கு ஒரே முட்டை, குஞ்சு பெரிதாகி ஜோடி சேர ஐந்து வருடம் வரை ஆகும். ஒரு மத்தியானத்தில் போனதை ஈடுகட்ட ஒரு தலைமுறை வேண்டும்.

சட்டம் வந்தது. 2006இல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் தடை செய்யப்பட்டது. ஆனால் மனிதர்களுக்கான மருந்து கடையில் இருந்தது, அதுவும் 30 மில்லி பாட்டிலில். மனிதருக்கு ஒரு வேளைக்கு 3 மில்லி போதும். 30 மில்லி யாருக்கு? மாட்டுக்குத்தான். 2015இல் 3 மில்லிக்கு மேல் அடைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். மருந்துக் கம்பெனிகள் சென்னை உயர் நீதிமன்றம் போயின. 2017இல் நீதிமன்றம் உத்தரவு செல்லும் என்றது. சரி, அது முடிந்தது என்று பார்த்தால், அசிக்ளோஃபினாக் என்று ஒன்று. மாட்டின் உடம்புக்குள் போனதும் அது டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுகிறது. கீட்டோபுரோஃபென்னும் பாறுகளைக் கொல்லும். இந்த இரண்டையும் 2023இல் தடை செய்தார்கள். அதே மாதிரி வலிமருந்தான நிமெசுலைடைத் தடுக்க 2024 முடிவு வரை பிடித்தது. ஒரு மருந்தைத் தடுத்தால் அதன் ஒன்றுவிட்ட தம்பி வந்து நிற்கிறான். பாறுகளுக்குத் தீங்கில்லாத மெலாக்சிகாம் இத்தனை வருடமாகக் கடையில் இருக்கத்தான் செய்கிறது.

இதில் மாட்டுக்காரரைக் குறை சொல்வது சுலபம், எனக்கு அதில் சம்மதமில்லை. சேகூர்ப் பக்கம் பட்டி மாடு என்பது கொட்டிலில் கட்டி வைத்துப் பால் கறக்கிற ஜெர்சி மாடு கிடையாது. காட்டோரம் மேய்ந்து, ராத்திரி பட்டிக்குள் அடைந்து, பாலைவிட அதிகமாகச் சாணிக்காக வளர்க்கப்படுகிற நாட்டு மாடு. சாணி லாரி ஏறி கேரளத் தோட்டங்களுக்குப் போகும். பல பட்டிகளில் மாடு ஒருவருடையது, மேய்ப்பவர் இன்னொருவர். மாடு நொண்டினால் டாக்டர் வரும்வரை காத்திருக்க முடியாமல், தெரிந்த ஒருவர் கையிலிருக்கிற மருந்தைப் போட்டுவிட்டுப் போவார். அந்தக் குப்பியில் எழுதியிருப்பது முழுக்க ஆங்கிலம். “என்ன ஊசி போட்டாங்க?” என்று இவரிடம் கேட்டேன். “வெள்ளை மருந்துங்க, சின்ன பாட்டில்” என்றார்.

இனி நாய்களுக்கு வருவோம். பாறு இல்லாவிட்டால் மாட்டை யாரும் தின்னாமல் விடப்போவதில்லை. நாய் தின்னும், காட்டுப்பன்றி தின்னும், சேகூரில் கழுதைப்புலியும் உண்டு. ஆனால் நாய்க்குச் சாப்பாடு கிடைத்தால் குட்டிகள் பிழைக்கும், எண்ணிக்கை ஏறும், கூடவே வெறிநோயும். எயால் ஃபிராங்க், அனந்த் சுதர்ஷன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2024இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். பாறுகள் முன்பு நிறைய இருந்த மாவட்டங்களையும் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு, 2000 முதல் 2005 வரையிலான காலத்தில் மட்டும் இந்தியாவில் கூடுதலாகச் சுமார் ஐந்து லட்சம் மனிதர்கள் இறந்திருப்பார்கள் என்றார்கள். நாய்க்கடியும் அழுகிய சடலங்களால் கெட்ட தண்ணீரும்தான் அவர்கள் சொல்கிற காரணங்கள். மாட்டின் மடிவீக்கத்துக்குப் போட்ட ஊசி எங்கெங்கோ சுற்றி மனிதச் சாவில் வந்து நிற்கிறது.

வெறிநோயைப் பற்றிப் பேசும்போது குன்னூரைத் தாண்டிப் போக முடியாது. சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே இருக்கிற பாஸ்டியர் நிலையம் 1907இல் தொடங்கியது. அதற்கு முன் இந்தியாவில் வெறிநாய்க்கடிக்கு ஊசி வேண்டுமென்றால் இமயமலை அடிவாரத்துக் கசௌலிக்கு ரயில் ஏற வேண்டும். போய்ச் சேர்வதற்குள் பலருக்கு நோய் முற்றிவிடும். குன்னூரில் செய்த பழைய தடுப்பூசி ஆட்டு மூளையில் வளர்த்தது. தொப்புளைச் சுற்றி ஊசி என்று நம் வீட்டுப் பெரியவர்கள் பயமுறுத்துவார்களே, அதே வகை. அந்த வகைத் தடுப்பூசியை இந்தியா 2004 முடிவோடு நிறுத்திவிட்டது. இன்று கையில் நாலைந்து ஊசியோடு முடிகிறது. இன்றும் மாறாத விஷயம் ஒன்று: கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள் அப்பி, மிளகாய்ப்பொடி தடவி வருகிறவர்களை மலை ஊர்களில் இப்போதும் பார்க்கிறேன்.

நோயைத் தடுக்கிற இடம் மனிதனின் கை மட்டும் இல்லை என்பதும் இதே மலையில் புரிந்துகொள்ளப்பட்டது. ஒரு ஊரில் இருக்கிற நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் வெறிநோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நீலகிரியில் வேலை செய்கிற கால்நடைத் தொண்டு அமைப்புகள் வலையும் ஊசியுமாகத் தெருத்தெருவாகப் போவது இதற்காகத்தான். நாயைப் பிடிக்கிறவருக்கும், மனிதருக்கு ஊசி போடுகிற நர்ஸுக்கும், குப்பையை அள்ளுகிற துப்புரவுத் தொழிலாளிக்கும் ஒரே வேலை. சம்பளம் மட்டும் வெவ்வேறு இடத்திலிருந்து.

குப்பை என்றதும் ஊட்டி, கோத்தகிரி, குன்னூர் ஞாபகம் வரும். ஓட்டல் கழிவு கொட்டுகிற இடத்தில் நாய் பெருகும். நாயைத் தேடிச் சிறுத்தை வரும். தெருநாயிடமிருந்து டிஸ்டெம்பர் போன்ற நோய் செந்நாய்க்கும் சிறுத்தைக்கும் தொற்றும் ஆபத்து இருக்கிறது. குஜராத்தின் கிர் காட்டில் 2018இல் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தபோது டிஸ்டெம்பர் வைரஸ்தான் பெரிதாகப் பேசப்பட்டது. நீலகிரியில் 2000-2001 வாக்கில், சுப்ரியா சாஹு ஆட்சியராக இருந்தபோது பிளாஸ்டிக்குக்கு எதிராக இயக்கம் நடத்தினார். அன்று அதை அழகு சார்ந்த விஷயமாகத்தான் பலர் பார்த்தார்கள். சுற்றுலாப்பயணி விட்டெறிகிற பிரியாணிப் பொட்டலம் ஒரு சுகாதாரப் பிரச்சினை என்பது இப்போதும் நமக்கு முழுதாக உறைக்கவில்லை.

சரி, அந்தச் சரிவுக்குத் திரும்புவோம். மாட்டை அப்படியே விட்டுவிடலாமா? பாறுகளை நினைத்தால் விடலாம், மருந்து போடாத மாடாக இருந்தால். நோயோ நஞ்சோ சந்தேகமில்லாத காட்டு விலங்குகளைப் புதைக்காமல் பாறுகளுக்கு விடுவது நல்லது என்ற எண்ணம் வனத்துறையிலும் வந்திருக்கிறது. ஆனால் மாடு எதனால் செத்தது என்று யார் சொல்வது?

அடைப்பான் என்று ஒரு நோய் இருக்கிறது, ஆங்கிலத்தில் ஆந்த்ராக்ஸ். நன்றாக மேய்ந்த மாடு திடீரென்று விழும். வயிறு சீக்கிரம் ஊதும். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுப்பு ரத்தம் கசியும். அப்படி இருந்தால் தோலை உரிக்கக் கூடாது, பிரேதப் பரிசோதனைக்குக்கூடக் கிழிக்கக் கூடாது. கிருமி காற்றுப் பட்டதும் வித்தாக மாறி, அந்த மண்ணில் பல பத்து வருடங்கள் உயிரோடு கிடக்கும். ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும், இல்லையென்றால் எரிக்க வேண்டும். காட்டில் யானைக்கும் வரும், கறியை அறுத்த மனிதனுக்கும் வரும். ஆக ஒரே சரிவில் கிடக்கிற இரண்டு மாடுகளில் ஒன்றைத் திறந்தபடி விடுவது சரி, இன்னொன்றைத் தொட்டாலே தப்பு. ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும்.

இந்த மாட்டுக்காக மாட்டுக்காரர் போன் செய்திருக்கிறார். முதலில் பேசியவர் அது காட்டுக்குள் கிடப்பதால் எங்கள் வேலை இல்லை என்றிருக்கிறார். இரண்டாவது ஆள், வீட்டு மாடு என்பதால் எங்கள் வேலை இல்லை என்றிருக்கிறார். மூன்றாவது நம்பரில் யாரும் எடுக்கவில்லை. எனக்கு இதைக் கேட்டுக் கோபம் வந்தது. அவருக்கு வரவில்லை, பழகியிருக்கும்.

இந்த இடைவெளியில்தான் நஞ்சு வரும். புலி மாட்டை அடித்துப் போட்டுவிட்டு அடுத்த நாள் திரும்பி வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். இழப்பீடு வரத் தாமதம், வருமா என்ற சந்தேகம், கையில் பூச்சிமருந்து. 2023 செப்டம்பரில் அவலாஞ்சிப் பக்கம் இரண்டு புலிகள் ஓடையோரம் செத்துக் கிடந்தன. மாட்டின் உடலில் நஞ்சு வைக்கப்பட்டிருந்தது; மாட்டுக்காரர் ஒருவர் கைதானார். நஞ்சு வைத்த உடலில் புலி மட்டும் வாய் வைக்காது. நாய், நரி, காக்கை, பாறு என்று வரிசையாக வரும். ஓடையில் கரைந்தால் கீழே தண்ணீர் எடுக்கிறவர்களுக்கும். அதனால் இழப்பீட்டுப் பணம் ஒரு வாரத்தில் மாட்டுக்காரர் கைக்கு வருவது, என் பார்வையில், புலிக்கும் பாறுக்கும் போடுகிற தடுப்பூசி மாதிரி.

மாட்டின் கதை போதும். இந்த மலையில் கவனிக்க வேண்டிய இன்னொரு சடலம் குரங்கு.

1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் கியாசனூர் காட்டில் குரங்குகள் விழுந்து சாக, அடுத்து ஊரில் காய்ச்சல் வந்தது. காட்டின் பெயரே நோயின் பெயரானது. நம் பக்கம் குரங்குக் காய்ச்சல். உண்மையில் பரப்புவது உண்ணி. கடுமையான காய்ச்சல், உடல்வலி, சிலருக்கு ரத்தக்கசிவு. நூறு பேரில் மூன்று முதல் ஐந்து பேர் இறக்கிறார்கள். ஐம்பது வருடத்துக்கும் மேலாக அது ஷிமோகாவையும் பக்கத்து மாவட்டங்களையும் சுற்றியே இருந்தது. 2012 நவம்பரில் பந்திப்பூரில் குரங்குகள் செத்தன. அவற்றின் உடல்களை எரித்து அகற்றும் வேலையில் இருந்த வனத்துறைத் தொழிலாளர்களுக்குக் காய்ச்சல் வந்தது. அதே பருவத்தில் நீலகிரியிலும் வயநாட்டிலும் இறந்த குரங்குகளில் வைரஸ் இருப்பது உறுதியானது. 2014-15இல் வயநாட்டில் மனிதர்களுக்குப் பரவி, பதினோரு பேர் இறந்தார்கள்.

குரங்கு செத்ததும் அதன் உடம்பு சில்லிடும். உடம்பிலிருந்த உண்ணிகள் அதை விட்டு இறங்கிச் சுற்றிலும் சருகில் பரவும். அந்த இடம் அப்புறம் கொஞ்ச நாளைக்கு ஆபத்தான இடம். விறகு பொறுக்கப் போனவர், தேன் எடுக்கப் போனவர், மாடு மேய்க்கிறவர் அங்கே உட்கார்ந்தால் போதும். மாட்டுக்கு இந்த நோய் வருவதில்லை. ஆனால் வளர்ந்த உண்ணி மாட்டு ரத்தம் குடித்துத்தான் முட்டையிடுகிறது. மாடு அதைக் காட்டிலிருந்து தொழுவம் வரைக்கும் சுமந்து வருகிறது. காய்ச்சல் வருவது பெரும்பாலும் டிசம்பரிலிருந்து மே வரை, இளம் உண்ணிகள் கூடுகிற காலத்தில். பழைய தடுப்பூசி பலன் போதாமல் 2022இல் நிறுத்தப்பட்டது. இன்றைக்குக் கையில் இருக்கிற பாதுகாப்பு, உண்ணி அண்டாமலிருக்க மேலில் தடவுகிற எண்ணெயும், செத்த குரங்கைப் பார்த்த ஆள் உடனே சொல்வதும்தான். அந்த ஆள் பெரும்பாலும் குறும்பரோ இருளரோ பணியரோ, அல்லது வேட்டைத் தடுப்புக் காவலராகத் தினக்கூலி வாங்குகிறவரோ.

பாதை எப்போதும் காட்டிலிருந்து ஊருக்கு என்று நினைத்துக்கொள்கிறோம். தலைகீழாகவும் நடந்திருக்கிறது. 1968இல் வெக்கை நோய் (ஆங்கிலத்தில் ரிண்டர்பெஸ்ட்) முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் வந்து காட்டெருமைக் கூட்டங்களை வாரிக்கொண்டு போனது. அது மாட்டு நோய், ஊரிலிருந்து காட்டுக்குப் போனது. ஊர் மாட்டுக்கெல்லாம் தடுப்பூசி போட்டு, 2011இல் உலகத்திலிருந்தே வெக்கையை ஒழித்தார்கள். குன்னூர் தேயிலைத் தோட்டத்தில் இன்று காட்டெருமை வழிமறித்து நிற்கிறது என்றால் அதற்கு எங்கோ ஊர் மாட்டுக்குப் போட்ட ஊசியும் ஒரு காரணம். 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்தன. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று முடிவு வந்தது. மனிதருக்கு அது வராது. ஆனாலும் பன்றி வளர்க்கிறவர் பிழைப்பையும், புலியும் செந்நாயும் சாப்பிடுகிற இரையையும் ஒரே அடியில் குறைக்கக்கூடியது.

2021 ஜூனில் வண்டலூர்ப் பூங்காவில் கொரோனா வந்து சிங்கம் இறந்ததும், தெப்பக்காடு முகாமில் இருந்த 28 யானைகளுக்கும் பரிசோதனை நடந்தது. தும்பிக்கையிலும் ஆசனவாயிலும் சளி மாதிரி எடுத்து உத்தரப் பிரதேசத்துக்கு அனுப்பினார்கள். ஒன்றுக்கும் இல்லை. யானையைப் படுக்கவைத்து பாகன் தும்பிக்கையைப் பிடித்துக்கொள்ள, கவச உடுப்போடு மருத்துவர் குச்சியை நுழைக்கிற படம் அப்போது பத்திரிகைகளில் வந்தது. பலர் சிரித்தார்கள். எனக்கென்னவோ மூன்று வட்டப் படத்தைவிட அது தெளிவாக இருந்தது.

சூழல் என்ற மூன்றாவது விஷயம் எங்கே என்று கேட்பீர்கள். காலடியிலேயே இருக்கிறது. அந்த நாய்கள் படுத்திருந்த உண்ணிச்செடி, அதாவது லாண்டானா, வெளிநாட்டிலிருந்து வந்தது. வெள்ளைக்காரர்கள் பூவுக்காகக் கொண்டுவந்தார்கள். முதுமலையிலும் சேகூரிலும் இன்று ஆள் உயரத்துக்கு அடைத்துக்கொண்டு நிற்கிறது. மாடு தின்றால் ஈரல் கெடும், மான் வாய் வைக்காது. அது நிற்கிற இடத்தில் புல் முளைக்காது. புல் குறையக் குறைய மாடும் மானும் காட்டெருமையும் மிச்சமிருக்கிற கொஞ்ச இடத்தில் ஒன்றாக மேய்கின்றன, ஒரே குட்டையில் தண்ணீர் குடிக்கின்றன. கோமாரியோ உண்ணியோ கைமாற வேறென்ன வேண்டும்? காட்டில் ஒரு களைச்செடியைப் பிடுங்குவது ஊர் மாட்டுக்கும் மருத்துவம்தான், ஆனால் அந்தச் செலவு எந்தச் சுகாதாரக் கணக்கிலும் வராது.

இதை யோசித்தவர்கள் முன்பே இருந்திருக்கிறார்கள். குன்னூர் பாஸ்டியர் நிலையத்தில் ஒரு மூலையில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் எலிகளுக்கு இந்தியாவின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டையும் போட்டு வளர்த்துப் பார்த்தார். 1926இல் விஸ்வநாத் என்பவரோடு சேர்ந்து, மாட்டுச்சாணி உரத்தில் விளைந்த தானியத்தில் ரசாயன உரத்தில் விளைந்ததைவிடச் சத்து அதிகம் என்று எழுதினார். மண், மாடு, தானியம், மனித உடம்பு நான்கையும் ஒரே கட்டுரையில் வைத்திருக்கிறார். அவர் தொடங்கிய அந்த ஆய்வகம் 1958இல் ஹைதராபாத் போய்விட்டது; இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான். சாணி மட்டும் இன்னும் மசினகுடியிலிருந்து லாரியில் போய்க்கொண்டிருக்கிறது.

கூடலூர்ப் பக்கம் போனால் இன்னொரு பழைய தடயம் ரத்தத்திலேயே இருக்கிறது. 1952இல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு பேர் நீலகிரி ஆதிவாசிகளிடம், ரத்தச் சிவப்பணுவை அரிவாள்போல வளைத்துவிடுகிற அரிவாள் செல் மரபணுவைக் கண்டார்கள்; இந்தியாவில் அதுவே முதல் பதிவு. ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்தால் அது மலேரியாவிலிருந்து ஓரளவு காக்கும். இரண்டு பக்கமும் வந்தால் வாழ்நாள் முழுக்க வலியும் சோகையும். கொசுவும் காடும் பல தலைமுறைகளாக மனித உடம்பில் எழுதியது. மலேரியா போய்விட்டது, வலி இன்னும் இருக்கிறது. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் அதற்குத் தனியாக மருத்துவம் பார்க்கிறார்கள்.

இதே கூடலூர், பந்தலூர் மக்கள் அவசரமென்றால் சுல்தான்பத்தேரிக்கோ பெரிந்தல்மண்ணைக்கோதான் வண்டி கட்டுவார்கள். ஊட்டி மலை ஏறுவதைவிட அது சுலபம். 2018இல் கோழிக்கோடு, மலப்புரம் பக்கம் நிபா வைரஸ் 17 பேரைக் கொண்டுபோனபோதும், 2024 ஜூலையில் மலப்புரத்தில் ஒரு சிறுவன் இறந்தபோதும் நாடுகாணி, பாட்டவயல் சோதனைச் சாவடிகளில் வெப்பமானியோடு ஆட்கள் நின்றார்கள். நிபாவைச் சுமக்கிற பழந்தின்னி வௌவாலுக்குச் சாவடி கிடையாது. அதற்காக மரத்தை வெட்டி வௌவாலை விரட்டுவது அதைவிட முட்டாள்தனம். தங்க இடமும் தின்னப் பழமும் இல்லாமல் அலைகிற வௌவால்தான் ஊருக்குள் வரும். கடித்த பழத்தைத் தின்னாமலிருப்பதும், காய்ச்சல்காரரைப் பார்த்துக்கொள்கிறவர் முகக்கவசம் போடுவதும் நம் கையில் இருக்கிற வேலி.

2023 டிசம்பரில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றிலும் ஒரே நேரத்தில் ஆட்களை நிறுத்திப் பாறுகளை எண்ணினார்கள். 320 என்று வந்தது. பறவைக்கு மாநில எல்லை தெரியாததால் சேர்ந்து எண்ணினால்தான் கணக்கு சரியாக வரும் என்று புரிந்திருக்கிறது. காய்ச்சலுக்கு இன்னும் அப்படி எண்ணுவதில்லை. மாட்டுச் சாவு கால்நடை மருந்தகப் பதிவேட்டில், குரங்குச் சாவு வனத்துறைப் பதிவேட்டில், மனிதக் காய்ச்சல் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேட்டில். ஒரே வாரம், ஒரே சரிவு, மூன்று நோட்டு.

எட்டு நாள் கழித்து மறுபடி அந்தச் சரிவுக்குப் போனேன். விலா எலும்புகள் இங்கும் அங்குமாக இழுபட்டுக் கிடந்தன. ஐந்தாம் நாள் காலையில் ஒரே ஒரு பாறு வந்ததாக மாட்டுக்காரர் சொன்னார், தலை சிவப்பு. பாறைமேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறது. நாய் குரைக்கவும் போய்விட்டதாம். “தின்னுச்சா?” என்றேன். “இல்லைங்க. நல்லதுதான், இல்லீங்களா? அந்த மாட்டுக்கு ஊசி போட்டிருந்துச்சே.”

நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. எங்கேயோ கேட்டிருக்கிறார், ஒரு கூட்டத்திலோ யாரோ ஒட்டிய நோட்டீஸிலோ.

கிளம்பும்போது, கழுகை ஒன்றும் செய்யாத ஊசி எதுவோ அதன் பெயரை எழுதித் தரச் சொன்னார். கையில் வேறு காகிதம் இல்லை. பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் தமிழில் பெரிதாக ‘மெலாக்சிகாம்’ என்று எழுதிக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தார், ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.